சுண்ணாம்பு ஊறும் நாள்கள்

எங்கள் கும்பகோணம் பக்கத்தில் ஓடு மாற்றுவதற்கென்று ஒரு பருவம் இருந்தது. ஆடிப்பெருக்கு முடிந்து, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வெயில் இன்னும் மிச்சமிருக்கிற இடைவெளியில் கூரையைப் பிரித்து, உடைந்த நாட்டு ஓடுகளைக் கழித்து, சட்டங்களில் கரையான் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்து மறுபடி அடுக்குவார்கள். குரங்கும் பூனையும் வருஷம் முழுக்க நகர்த்திப் போட்டதெல்லாம் அந்த நாள்களில்தான் சரியாகும். இப்போது அந்த வேலைக்குப் பருவம் கிடையாது. அண்ணன் சென்னையிலிருந்தும் தங்கை பெங்களூரிலிருந்தும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து இறங்கினால், சனியும் ஞாயிறும் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவுதான் வீட்டுக்கு.

ஓட்டைப் பிரித்த கூடத்தில் நீங்கள் படுத்திருக்கிறீர்களா? தினமும் அரையிருட்டாகவே பார்த்த இடத்தில் திடீரென்று வானம் தெரியும். அப்பாயியின் கட்டில், நெல் குதிர், சுவரில் மாட்டிய தாத்தா படம் எல்லாம் பகல் வெளிச்சத்தில் யார் வீட்டுச் சாமானோ என்று தோன்றும். நான் அந்தத் தரையில் மல்லாந்து கிடந்து, மேலே சட்டத்தின்மீது காலை அகட்டி உட்கார்ந்து ஓடு வாங்கும் ஆள்களைப் பார்த்தபடி, பெரியவனானால் இந்த வேலைக்குத்தான் போவது என்று மனப்பூர்வமாக முடிவு செய்திருந்தேன். அந்தப் பையனை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிரியமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் வேலை நடக்கிறது என்றால் அடுப்பும் பெரிதாகிவிடும். காலையில் பழையதும் மோரும் சுட்ட கருவாடும். மதியத்துக்குக் கொல்லையில் கல்லைக் கூட்டி விறகடுப்பில் விரால் மீன் குழம்பு. அத்தை அம்மியில் மிளகாயும் மல்லியும் அரைக்கிற சத்தமும் மேலே ஓடு அடுக்குகிற சத்தமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதாக இருக்கும். "வேலைக்கு வந்தவங்க வயிறு வாடினா வீடு விளங்காது" என்பாள் அப்பாயி. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இலை போட்டுப் பரிமாறிய பிறகுதான் எங்களுக்குச் சோறு.

அந்த நாள்களில் தெருவுக்கு ஈயம் பூசுகிறவரும் வந்துவிடுவார். வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி பொருத்தி, கரியை மூட்டி உட்கார்ந்தாரென்றால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டோம். புளி சேர்ந்தால் பித்தளையில் களிம்பு ஏறும் என்பதால், உள்பூச்சுப் போன அண்டாவையும் தவலையையும் அம்மா எடுத்துக் கொடுப்பார். பாத்திரம் சூடேறியதும் ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவுவார், குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பி மூக்கைத் துளைக்கும், துளி ஈயத்தை வைத்துப் பஞ்சால் ஒரு சுற்று சுற்றுவார், அழுக்கு மஞ்சளாக உள்ளே போன அண்டா வெள்ளிக் கிண்ணம் போலத் திரும்பி வரும். காசு கொடுத்துப் பார்த்த எந்த வித்தையும் எனக்கு அப்படி இனித்ததில்லை. பின்னால் எவர்சில்வர் வந்தது, பூச்சே தேவைப்படாத அந்தப் பாத்திரத்தில் அம்மாவுக்கு வேலை குறைந்தது, வேப்பமரத்தடி காலியானது.

அம்மாவின் முதுகை நினைத்தால் கிரைண்டரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 1955-இல் கோயம்புத்தூரில் பிறந்த அந்த இயந்திரம் எத்தனை பெண்களை ஆட்டுக்கல்லின் முன்னாலிருந்து எழுப்பிவிட்டது! 2011-இல் அரசாங்கமே மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கிய பிறகு எங்கள் தெருவில் அரைக்கும் சத்தம் ஒரே சுருதிக்கு வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை தங்கை கேஸ் அடுப்பில் குழம்பைக் கூட்டி ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டாள். ருசியில் குறையில்லை. ஆனால் இறக்கி வைத்தபோது சுற்றிலும் யாருமில்லை. முன்பு குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் யாராவது அடுப்படியில் குந்தி, ஊர்க்கதை ஒன்றைப் பாதி சொல்லிவிட்டு மீதியைச் சாப்பாட்டுக்கு வைத்திருப்பார்கள்.

இப்போது வீட்டில் எங்களை அழைத்த காரியம் ரேழிச் சுவர். அப்பா காலத்தில், சுவர் பொரிகிறது என்று எல்லாரும் செய்தபடியே அதன்மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். நூறு வருஷச் செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சைப் பத்தை பத்தையாகத் தள்ளியிருந்தது. அதைக் கொத்தி எடுத்ததும் உள்ளே பழைய காரை கெட்டியாக, இளமஞ்சளாக, கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பையும் மணலையும் செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தது. அடுப்படியில் இருக்கிற வெல்லமும் மருந்துப் பெட்டியில் இருக்கிற கடுக்காயும்தான் எங்கள் சுவருக்குள்ளும் இருந்தன.

திங்கட்கிழமை ஊருக்குப் போக வேண்டும், அதற்குள் முடியுமா என்று அண்ணன் கேட்டார். எழுபதைத் தாண்டிய கொத்தனார் தலையசைத்தார். "தம்பி, நாளைக்கே வேணும்னா சிமென்டைத்தான் கேக்கணும். சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. ஊறணும், அரையணும், பூசின பிறகும் காத்து குடிச்சுக் குடிச்சுத்தான் இறுகும்." அவர் சொன்னது உண்மை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் அது மறுபடியும் கல்லாகிறது. எந்த வார விடுமுறையும் அதற்குப் போதாது.

எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகவே இருந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொல்லையில் குழி வெட்டி, நீற்றாத சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அது பொங்கிக் கொதித்தபோது, அடுப்பில்லாமல் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்று அண்ணன் மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பல வருஷத்துக்குப் பிறகு எங்கள் கொல்லையில் கேட்ட நல்ல கேள்வி அது. குழியைச் சாக்கால் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொத்தனார் ஏற்றுக்கொண்டார்.

அண்ணன் பொங்கலோடு இன்னும் சில நாள் சேர்த்து விடுப்புக் கேட்கப் போகிறார். சுவர் வேலை அப்போதுதான். அதற்குள் பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச ஆள் கிடைப்பாரா என்று விசாரிக்கும்படி தங்கை என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகள் பக்கம் ஒருவர் இன்னும் செய்கிறார் என்று கொத்தனார் சொன்னார். புதன்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.