கட்டில் வெளியே வரும் காலம்: கெங்குவார்பட்டிக் கோடைக் கச்சேரி குறித்த ஓர் ஆய்வு

கோடைக் கச்சேரிப் பருவம் என்பது, பங்குனிக் கடைசியில் கயிற்றுக் கட்டில் வீட்டைவிட்டு வாசலுக்கு வரும் இரவில் தொடங்கி, ஆனிக் காற்றில் போர்வை பறக்கும் இரவில் முடியும் காலம். மார்கழிப் பருவத்தைச் சென்னையின் சபாக்கள் உண்டாக்கின. லண்டனின் கோடைப் பருவத்தை 1895இல் ராபர்ட் நியூமனும் ஹென்றி உட்டும் தொடங்கிவைத்தனர். 1927இல் அதைப் பிபிசி ஏற்றுக்கொண்டது. தேனி மாவட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள கெங்குவார்பட்டியின் பருவத்தை யாரும் தொடங்கிவைக்கவில்லை. வானொலியில் வருவது ஆண்டு முழுதும் வருகிற அதே சனிக்கிழமைக் கச்சேரிதான். ஐப்பசியில் அடுத்த அறைக்குக்கூட எட்டாத அது, சித்திரையில் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. ஆகவே பருவத்துக்கு மூலகாரணம் பாடகரும் அல்லர், நிலையமும் அன்று. கட்டில் கிடக்கும் இடமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

வரலாறு சுருக்கமானது. இந்தச் சனிக்கிழமைக் கச்சேரியை வழங்கும் அகில இந்திய வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952 ஜூலை 20 அன்று தொடங்கியது. கர்நாடக இசையும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும். தொடக்க காலத்தில் ஒன்றரை மணி நேரம். அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கர், மக்களின் காதைத் திருத்துவது அரசின் கடமை என்று நம்பியவர். அவர் காலத்தில் வானொலியில் சினிமாப் பாட்டு ஒடுங்கியது. மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தனர். 1957இல் விவித பாரதி வந்த பிறகே முள் திரும்பியது, அதுவும் பாதி. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்று இதே தேனி மாவட்டத்தில் இருப்பதை நோக்க, காதைத் திருத்தும் திட்டம் இப்பகுதியில் எந்த அளவுக்குப் பலித்தது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அலையியல் சற்று விரிவாகக் காணத் தக்கது. பகலில் அயனமண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். இருட்டியதும் அவ்வடுக்குக் கரைந்துபோக, அலை மேலடுக்கில் பட்டு நெடுந்தூரம் தாண்டி இறங்கும். இதனால் இரவில் 1269 கிலோஹெர்ட்ஸில் மதுரையோடு 936இல் திருச்சியும், வானம் ஒத்துழைத்தால் 720இல் சென்னையும் கிடைக்கும். மூன்றும் அஞ்சல் செய்வது ஒரே கச்சேரியைத்தான். இருந்தும் திருச்சியில் வரும் வயலினுக்குத் தனிக் குழைவு உண்டு என்று வாதிடுவோர் உளர். அக்குழைவு வாசித்தவருடையதன்று, வானத்தினுடையது. ஒலி மங்கியும் ஓங்கியும் வருவதைக் கமகம் என்று கொண்டதால் வந்த கொள்கை அது. பெட்டிக்குள் அலையை வாங்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி குறையும், பக்கவாட்டுப் பகுதி நோக்கினால் கூடும். எனவே ரேடியோவைத் திருப்புவது மூடநம்பிக்கை அன்று. தட்டுவது பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

பண்பலையின் கதை வேறு. கொடைக்கானல் நிலையம் 100.5 மெகாஹெர்ட்ஸில் மலைமேலிருந்து ஒலிபரப்புகிறது. கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டர் மேலே நிற்கும் கோபுரத்துக்குச் சமவெளியில் 180 கிலோமீட்டர்வரை நேர்ப்பார்வை கிட்டும் என்பது கணக்கு. காலடியில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. மலை விளிம்பு குறுக்கிட்டால் விளக்கடி இருட்டுதான். அடிவாரத்தில் நேரலையும் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று கூட்டவும் கழிக்கவும் செய்யும். இந்த அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். ஆதலால் கரகரப்புக்கும் தெளிவுக்கும் இடையில் ஒரு மீட்டர்கூட இருக்க வேண்டியதில்லை. கட்டிலின் நீளம் அதனினும் அதிகம். தலைமாட்டில் கேட்காத ராகம் கால்மாட்டில் கேட்கும் என்னும் ஊர்க்கூற்று, இவ்வாறு இயற்பியலோடு முழுதும் உடன்படுகிறது.

கேட்போரை வகைப்படுத்த வானொலியே வழி காட்டியிருக்கிறது. கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் பிரிக்கும் முறை அங்கு உண்டு. அதைக் கேட்போர்மீது பொருத்தினால், வர்ணம் முடியுமுன் உறங்குபவர் பி. ஆலாபனையில் உறங்குபவர் பி-ஹை. தனி ஆவர்த்தனம்வரை தாங்குபவர் ஏ. மங்களமும் முடிந்து, அறிவிப்பாளர் பக்கவாத்தியக்காரர் பெயர்களைச் சொல்லும்போதும் விழித்திருப்பவரே ஏ-டாப். மாந்தோப்புக் காவல்காரர்கள் அனைவரும் இந்த இறுதிப் பிரிவில் அடங்குவர்.

பெரியகுளம் வட்டாரத்தில் கல்லாமை, காசா மாங்காய்கள் காய்த்துத் தொங்கும் காலமும் கச்சேரிப் பருவமும் ஒன்றே. தோப்பில் ஆள் விழித்திருக்கிறது என்று வெளவாலுக்கும் வேலி தாண்டுபவருக்கும் தெரிவிப்பது ரேடியோவின் வேலை. இதற்குச் சினிமாப் பாட்டு உதவாது: பாட்டு எப்போது முடியும் என்று திருடனுக்கும் தெரியும், முடிந்தபின் யாரும் அடுத்த நிலையத்துக்குத் திருப்பவில்லை என்றால் காவல்காரர் தூங்கிவிட்டார் என்று பொருள். ராகம் தானம் பல்லவி எங்கே முடியும் என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரால் கணிக்க முடியாது. நடுவில் வரும் மௌனம் தம்பூராவா, பேட்டரி தீர்ந்ததா என்பதும் விளங்காது. நாட்டில் கர்நாடக இசைக்குக் கிடைத்த புரவலர் வரிசையில் மாம்பழத்தைச் சேர்க்காதது இசை வரலாற்றாசிரியர்களின் குறையே.

இடையூறுகள் பல. மே மாதம் கோடை விழாவுக்கு மலையேறும் வண்டிகளின் ஹாரன் காட்ரோடு பிரிவில் சுருதி சேராமல் ஒலிக்கும். சித்திரைத் திருவிழாக் காலத்தில் குழாய் ஸ்பீக்கர் முன் எந்தக் கச்சேரியும் நில்லாது. அன்று ரேடியோவை அணைத்துவிடுவதே மரபு. கோடை இடி தனி வகை. மின்னலின் அலைகள் மத்திய அலை முழுவதும் பரவுவதால், கொடைக்கானல் மலைமேல் வெட்டும் ஒவ்வொரு மின்னலும் பெட்டிக்குள் ஒருமுறை வெடிக்கும். மிருதங்கத்தோடு கஞ்சிராவும் இருந்தது என்று மறுநாள் டீக்கடையில் உறுதியாகச் சொல்லப்பட்டு, அறிவிப்பில் அப்பெயர் இல்லாதபோதெல்லாம் இதுவே காரணம்.

ஆய்வில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. உறங்கிவிட்டவரின் ரேடியோவை அணைத்தால் அவர் உடனே விழிக்கிறார், "கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன், எதுக்கு அமத்துன?" என்கிறார். எந்த ராகம் என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆனால் விழித்திருந்தவரிடம் கேட்டாலும் பல நேரம் பதில் வருவதில்லையாதலால், இதை மட்டும் வைத்து அவர் கேட்கவில்லை என்று தீர்ப்பளிக்க முடியாது. வீட்டுப் பெண்கள் இந்த வாதத்தை ஏற்பதில்லை. பேட்டரி விலை அவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஆகாசவாணி கைபேசிச் செயலியிலும் கிடைக்கிறது. லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் மாலை 7.30க்குத் தொடங்கும் கோடைக் கச்சேரி இங்கு சரியாக நள்ளிரவு 12 மணி. விரும்பினால் கைபேசியில் அதையும் தோப்பில் கேட்கலாம். எனினும் காதில் செருகிக் கேட்பவர் மேற்கண்ட நான்கு தரத்திலும் அடங்கார். அவர் விழித்திருப்பது அடுத்த கட்டிலுக்கும் தெரியாது, வெளவாலுக்கும் தெரியாது.