அந்த அழுக்கு எந்த இலாகா?

இங்கிலாந்தில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஒரு தத்துவ விசாரணை நடந்தாக வேண்டும். இது வைத்தியமா, வெறும் குளியலா? வைத்தியம் என்றால் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். இலவசமாகச் செய்யும். வெறும் குளியல் என்றால் உள்ளூர் கவுன்சில் வேலை, அதற்குக் கட்டணம் கேட்கலாம். 1990-களில் ‘மருத்துவக் குளியல்’, ‘சமூகக் குளியல்’ என்று பிரித்து வைத்துக்கொண்டு மெய்யாகவே மல்லுக்கு நின்றார்கள். என் கற்பனை இல்லை, எனக்கு அவ்வளவு திறமை போதாது.

இந்தக் கோளாறுக்கு 1948 ஜூலை 5 அன்றே கால்கோள் போட்டாயிற்று. என்.எச்.எஸ். பிறந்த அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டம் முதுமையைத் தனியே பிரித்துக் கவுன்சில்களின் தலையில் கட்டியது, சொத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டோடு. ஆகவே புற்றுநோய் வந்தால் நீங்கள் நோயாளி, செலவு அரசுடையது. டிமென்ஷியா வந்தால் பெரும்பாலும் நீங்கள் வாடிக்கையாளர். விவரம் தெரிந்த குடிமகன் பார்த்து நோயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

23,250 பவுண்டுக்கு மேல் வைத்திருந்தால் கவுன்சில் கைகழுவிவிடும். தனியாக வாழ்பவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால் அவர் வீடும் கணக்கில் சேரும். 2010-இல் வைத்த இந்த வரம்பு பதினைந்து வருடம் அசையவில்லை. ரொட்டி விலை ஏறியது, வாடகை ஏறியது, எம்.பி.க்கள் சம்பளமும் ஏறியது.

ஒருவர் தன் பராமரிப்புக்குக் கொடுக்கும் மொத்தச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள், 35,000 பவுண்டு போதும் என்று 2011-இல் ஆண்ட்ரூ டில்நாட் ஆணையம் சொன்னது. அரசு அதை 72,000 ஆக்கிச் சட்டமும் இயற்றி, 2016-இல் அமல் என்றது. பிறகு 2020 என்றது. பிறகு பேச்சே இல்லை. 2019-இல் போரிஸ் ஜான்சன் பிரதமரான முதல் நாளே, திட்டம் தயார் என்று வாசலில் நின்று முழங்கினார். தயாராக இருந்த அந்தத் திட்டம் வெளியே வர இரண்டு வருடம் பிடித்தது: 86,000 பவுண்டு, 2023 அக்டோபர் முதல். அதுவும் 2025-க்குத் தள்ளிப்போனது. 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஒரேயடியாக அடக்கம் செய்தார். காத்திருந்த கிழவர்களுக்கு அதற்கு முன்பே அடக்கம் நடந்துவிட்டது. கருவூலத்துக்கு அது மிச்சம்.

இடையில் கவுன்சில்களுக்கான மத்திய மானியத்தை வெட்டினார்கள். வெட்டிய கையோடு 2016-இல் ஒரு சலுகை: முதியோர் பராமரிப்புக்கென்று கவுன்சில் வரியில் கூடுதலாக 2 சதவீதம் போட்டுக்கொள்ளுங்கள்! விலை உயர்ந்த வீடுகள் உள்ள ஊரில் 2 சதவீதம் கொட்டும். ஏழை ஊரில் சொட்டும். உதவி தேவைப்படுபவர்கள் அதிகம் இருப்பதோ அந்த ஏழை ஊரில்தான்.

பணக்கார சர்ரே கவுன்சிலே தாங்க முடியாமல் 2017-இல் வரியை 15 சதவீதம் உயர்த்த மக்கள் வாக்கெடுப்பு வைக்கப்போவதாக அறிவித்தது. அன்றைய நிதியமைச்சர் பிலிப் ஹாமண்டின் தொகுதி அங்கே. அன்றைய சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட்டின் தொகுதியும் அங்கே. திடீரென்று வாக்கெடுப்பு வாபஸ். மறுநாளே நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின், அரசோடு ஏதோ உடன்பாடு பேசுவதாகக் காட்டிய சில குறுஞ்செய்திகளை வாசித்தார். அமைச்சக வட்டாரத்து ‘நிக்’ ஒருவருக்கு சர்ரே கவுன்சில் தலைவர் அனுப்பியவை அவை. போய்ச் சேர்ந்ததோ வேறொரு நிக்கிடம், மானிய வெட்டில் துவண்டு கிடந்த நியூகாசில் கவுன்சிலின் தலைவரிடம். தனிச் சலுகை எதுவும் இல்லை என்று அரசு சாதித்தது. நம்புவோம். தெற்கத்திப் பணக்காரக் கவுன்சில் தன் மனதிலிருப்பதை வடக்கத்திக் கவுன்சிலிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்ல, நம்பர் தவற வேண்டியிருந்தது.

இத்தனை ராஜதந்திரத்துக்கும் பிறகு பாட்டிக்குக் கிடைப்பது பல ஊர்களில் பதினைந்து நிமிடம். அதற்குள் எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், உடை மாற்றி, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் பணிப்பெண் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்குப் பலருக்குச் சம்பளம் கிடையாது. வருகை பொதுவாக அரை மணிக்குக் குறையக் கூடாது என்று அரசின் சொந்தச் சுகாதார வழிகாட்டி அமைப்பான ‘நைஸ்’ 2015-இலேயே எழுதி வைத்தது. எழுதியது அழகான ஆங்கிலத்தில்.

வழி தெரியாமல் தவிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது போன்ற பராமரிப்பை இலவசமாக்குங்கள் என்று 1999-இலேயே ராயல் கமிஷன் பரிந்துரைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து 2002 முதல் 65 வயது நிரம்பியவர்களுக்கு அதைச் செய்துவருகிறது. இல்லத்தில் தங்கும் செலவு தனி என்றாலும், உடம்பு கழுவக் காசு கேட்பதில்லை. இங்கிலாந்து 2025-இல் லூயிஸ் கேஸி தலைமையில் மறுபடியும் ஒரு ஆணையம் அமைத்திருக்கிறது. அதன் இறுதி அறிக்கைக்குக் கொடுத்திருக்கும் கெடு 2028.