பாக்கி வைத்தால் படை போகும்

நெப்போலியன் பாரிஸ் தெருவிலே பீரங்கி முழக்கிப் பெயர் எடுத்தது 1795 ஒக்டோபர் 5இல். எங்கள் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது அதே ஆண்டு செப்டெம்பர் 18இல். ஆக, நாங்கள்தான் 17 நாள் முந்தி. ஐரோப்பியர் இதை ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

மேசையில் ஈயச் சிப்பாய்களை நகர்த்தி நெப்போலியன் காலப் போர்களை விளையாடுகிறவர்களுக்கு ஒரு தலையிடி உண்டு: பிறநாட்டுப் படையை நடத்தும் தளபதிக்கு எத்தனை புள்ளி வெட்டுவது? இலங்கைக் கதையைக் கேட்டால் தாயக்கட்டையை வாவியில் எறிந்துவிட்டுப் போவார்கள்.

கொழும்பில் ஒல்லாந்தக் கம்பனிக்குக் காவல் நின்றது டி மியூரன் படை. கூலிப்படை. திரட்டிய ஊர் சுவிஸ் பக்கத்து நியூஷாத்தெல்; அந்த ஊருக்கு அரசன் பிரஷ்யாக்காரன்; பேச்சு பிரெஞ்சு; சம்பளம் ஒல்லாந்துக் காசு, அதுவும் பாக்கி. படையின் சொந்தக்காரர் கோமகன் டி மியூரன் ஊரில் இருக்க, தம்பியார் கொழும்பில் கட்டளை போட்டார்.

பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்ததும் அந்நாட்டு இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடினார். ஓடியவர், 'ஆங்கிலேயரைக் கோட்டைக்குள் விடுங்கள்' என்று குடியேற்றங்களுக்குக் கடிதம் எழுதினார். அடைக்கலம் தந்த வீட்டில் இருந்துகொண்டு வேறென்னத்தை எழுதுவது?

ஆங்கிலேயர் கடிதத்தை மட்டும் நம்பவில்லை. கிளெகோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியரை நியூஷாத்தெலுக்கு அனுப்பினார்கள். சண்டை தெரியாத மனிசன், பேரம் தெரியும். பாக்கியை நாங்கள் தருகிறோம் என்றார். கோமகன் கையெழுத்து வைத்தார். பிறகு இருவரும் வெனிஸ், கெய்ரோ, செங்கடல் என்று சுற்றி மலையாளக் கரைக்கு வந்தார்கள். தம்பியாருக்குச் சேதி ஒரு சீஸ் கட்டிக்குள் ஒளிந்து போனதாக ஒரு கதை. படை முதலாளியை மாற்றியது. 1796 பெப்ரவரியில் கொழும்பும் பெரிய சண்டை இல்லாமலே விழுந்தது.

ஒல்லாந்தருக்கு இது புதுப் பாடமில்லை. இதே புளியந்தீவில் அவர்கள் நடத்திய பாடம். 1638இல் போர்த்துக்கேயரைத் துரத்தக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரைக் கூட்டிவந்தான். கோட்டை பிடிபட்டது, ஒப்பந்தம் எழுதப்பட்டது, படைச் செலவு அரசன் தலையில் விழுந்தது. செலவுக் கணக்கு முடியட்டும், போகிறோம் என்றார்கள். கணக்கு முடியவே இல்லை. கோட்டை வாசலில் கம்பனி முத்திரை இன்றும் இருக்கிறது.

டி மியூரன் ஆட்கள் பிறகு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடும், 1814இல் அமெரிக்கரோடும் பொருதினார்கள். திப்பு அவர்களுக்கு என்ன குற்றம் செய்தார்? ஒன்றுமில்லை. புது முதலாளிக்கு அவரைப் பிடிக்காது, அவ்வளவுதான்.