பாலையில் தேனிலவு

தாம்பத்தியம் உறுதிப்பட வேண்டுமா? முதுகில் மூட்டையோடு ஜோடியாகக் கலிபோர்னியாவின் டெத் வேலிக்குப் போங்கள். பெயரிலேயே என்ன மங்களம்! 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் இன்றும் உலக சாதனையாக ஏட்டில் இருக்கிறது.

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீராவது வேண்டும் என்கிறது பூங்கா நிர்வாகம். இருவருக்கு இரண்டு நாள் என்றால் 16 லிட்டர், அதாவது 16 கிலோ. வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கச் சொன்னால் முதுகைப் பிடித்துக்கொள்ளும் கணவர், இங்கே சிரித்தபடி சுமப்பார். காதல் அப்படி.

சீரியல் இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை, பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. மனம்விட்டுப் பேசலாம். முதல் மைலில் மணல்மேட்டின் அழகைப் பற்றி. மூன்றாவது மைலில், வரைபடத்தைக் காரிலேயே விட்டது யார் என்பதைப் பற்றி. ஐந்தாவதில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எத்தனை வருடமாகக் கிடைக்காத அமைதி!

கோடையில் காலை 10 மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். பொறாமை, வேறென்ன?

கிளம்பும் முன் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். பாலைத் திணைக்கு உரிப்பொருள்: பிரிவு.