எட்டாம் வள்ளல்

கடையெழு வள்ளல்களோடு கொடையின் வரலாறு முடிந்துவிட்டது என்று நம் தமிழாசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது பெரும்பிழை. எட்டாமவர் ஒருவர் இருக்கிறார். கடல் கடந்து, பனி கவிந்த தீவில், செங்கல் கோபுரங்களும் கண்ணாடி மாளிகைகளும் துலங்க வீற்றிருந்து, உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் 'ஆதரவு' என்னும் அருமருந்தை அள்ளி வழங்கும் பிரிட்டிஷ் உயர்கல்விப் பெருமானே அவர். உள்துறை அவருக்கு வாயிற்காவல், நிதித்துறை கருவூலம், சென்னையின் நட்சத்திர ஓட்டல்களில் கல்விக் கண்காட்சி விரித்து 'ஸ்பாட் ஆஃபர்' வழங்கும் ஏஜெண்டுகள் அவர்தம் கட்டியக்காரர்கள். கிழக்கு லண்டனில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்து அன்னாரின் கொடைச் சிறப்பைக் கண்ணாரக் கண்டவன் என்ற தகுதியில் இந்தப் புகழுரையை அவர் திருவடியில் வைக்கிறேன்.

பேகன் பாவம், உலகியல் அறியாதவன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைச் சும்மா போர்த்திவிட்டான். நம் பெருமானோ, மயில் தன் ஊர்க் காட்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே போர்வைக் கட்டணத்தை வாங்கிவிடும் தீர்க்கதரிசி. குடியேற்ற உடல்நலக் கட்டணம் என்பது அதன் திருநாமம். 2015இல் மாணவர் தலைக்கு ஆண்டுக்கு 150 பவுண்டாகப் பிறந்தது, 2019இல் 300, 2020இல் 470, 2024 பிப்ரவரியில் 776 ஆகி விண்ணளந்து நின்றது. வாமனன் வளரக் கண்ட மகாபலிக்குக்கூட இத்தனை மெய்சிலிர்ப்பு வாய்த்திராது. ஓராண்டு முதுகலைக்கு வருகிற பிள்ளையிடம் ஒன்றரை ஆண்டுக்கு 1,164 பவுண்டு, விசா விண்ணப்பத்தோடு சேர்த்தே பெற்றுக்கொள்ளப்படுகிறது. படிப்பு முடிந்த பின்னும் விசா சில மாதம் நீள்கிறதல்லவா, அந்த மாதங்களிலும் பிள்ளைக்கு இருமல் வரக்கூடுமே என்ற தாயுள்ளம்! பிறகு அவன் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால், அந்தச் சம்பளத்தின் வரியிலிருந்தும், அந்தக் கட்டணம் போய்ச் சேரும் அதே அரசு மருத்துவமனைக்குப் பங்கு போகும். ஒரே போர்வைக்கு இருமுறை விலை கொடுக்கும் பேறு உள்ளூர் மயில்களுக்குக்கூடக் கிட்டுவதில்லை.

பாரியும் அப்படித்தான். முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினான். கொடியிடம் வாடகை கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நம் பெருமானும் ஒரு காலத்தில் அந்த அறியாமையில் உழன்றவர்தாம். 1967 வரை பிரிட்டனில் அயல்நாட்டுப் பிள்ளைக்கும் உள்ளூர்ப் பிள்ளைக்கும் ஒரே கல்விக் கட்டணம்! அந்த இருளை நீக்கி வெளிநாட்டவருக்கு அந்த ஆண்டு தனிக்கட்டணம் கண்டார்கள். 1980இல் மார்கரெட் தாட்சரின் ஆட்சி, முழுச் செலவையும் அவர்களே ஏற்கும் மாண்பை அருளியது. அன்று தொடங்கிய பொற்காலம் இன்றளவும் மங்கவில்லை. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவரின் இளங்கலைக் கட்டணம் 2017 தொடங்கி எட்டு ஆண்டுகள் 9,250 பவுண்டிலேயே நின்றது, சட்டம் பூட்டிய பூட்டு. வெளிநாட்டவரின் கட்டணத்துக்கோ வானமே எல்லை. உள்ளூர்ப் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதில் விழும் துண்டையும், ஆராய்ச்சிக் கூடங்களில் விழும் துண்டையும் லாகோஸிலிருந்தும் டாக்காவிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வரும் பணம்தான் அடைக்கிறது. ஏழை நாட்டுத் தகப்பன் பணக்கார நாட்டின் பல்கலைக்கழகத்தைத் தூக்கி நிறுத்தும் இந்தப் பெருமையை வேறெந்த வள்ளல் அவனுக்குக் கொடுத்தார்? அதுவும் போதாதென்று, 2028 முதல் இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவர் தலைக்கு ஆண்டுக்கு 925 பவுண்டு வரி வரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பணம் வசதி குறைந்த பிரிட்டிஷ் மாணவர்களின் உதவித்தொகைக்காம். தானம் கொடுக்க வக்கற்றிருந்த நம் விவசாயிகளையும் ஒரே கையெழுத்தில் தர்மப்பிரபுக்கள் ஆக்கிவிட்டார்கள்.

அப்படியொரு தர்மப்பிரபு எனக்குத் தெரிந்தவர். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை போடுகிறவர். அவர் மகன் எங்கள் வீட்டு மாடியறையில் ஓராண்டு தங்கியிருந்தான். கட்டணத்துக்கு நிலப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினார்கள். அதன் பிறகு, பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதே என்ற பெருமானின் கருணை வேறு விதமாக இறங்கியது. லண்டனில் வாழ மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை, 2025 ஜனவரிக் கணக்கில் 1,483 பவுண்டு; அப்படி ஒன்பது மாதத்துக்கு வங்கியில் இருக்க வேண்டும்; இருந்தால் போதாது, 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். அந்தத் தகப்பன் வட்டிக்கு வாங்கி நிரப்பினார். 28 நாளும் அந்தப் பணம் ஒரு காசு குறையாமல் தவம் இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் வட்டியோடு திரும்பிப் போனது. பிள்ளையின் வறுமையைப் போக்கப் பணத்துக்கே தவம் செய்யக் கற்றுக்கொடுத்த வள்ளலை எங்கே காண்போம்?

நவம்பரில் கடனின் அடுத்த தவணை வரத் தாமதமானது. பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆதரவு மையத்துக்குப் போனான். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அத்தனை பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான புகழை ஒன்றுக்கு மட்டும் சூட்டுவது முறையல்ல. மென்மையான சோபா, பச்சைச் செடிகள், சுவரில் 'நீங்கள் தனியாக இல்லை' என்ற வாசகம். டோக்கன் எண் வந்ததும் ஒரு பெண்மணி மிகுந்த கனிவோடு விளக்கினாராம்: இடர்கால உதவிநிதி உண்டு, ஆனால் விசா வாங்கும்போது போதிய பணம் இருப்பதாக நீங்களே சான்று காட்டியிருக்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இடர் இருக்க வழியில்லை. எத்தனை அழகான தருக்கம்! வட்டிக்கு வந்த பணத்தின் தவம் வீண்போகவில்லை. அது பிள்ளையின் பசியைத் தாளிலிருந்தே அழித்துவிட்டது. அவன் விசாவின் நிபந்தனையும் அதைத்தான் சொல்கிறது: பொதுநிதியில் எந்த உதவியும் பெற உரிமை இல்லை.

வெறுங்கையோடு அனுப்பவில்லை. வழவழப்பான தாளில் ஒரு கையேடு கொடுத்தார்கள். அன்று இரவு அதை எங்கள் சமையலறை மேசையில் வைத்தான். அட்டையில் பல நிறத்துப் பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். உள்ளே சிக்கனத்துக்கான வழிகள். வெளியில் வாங்கும் காபியைக் குறையுங்கள். வாரச் செலவை எழுதிவையுங்கள். மூன்றாம் பக்கத்தில், பருப்பு என்று ஒரு தானியம் இருக்கிறது, மலிவானது, சத்துள்ளது, மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஞானோபதேசம். தென்னார்க்காட்டுப் பிள்ளைக்குப் பருப்பை அறிமுகம் செய்துவைத்த பெருந்தகைமைக்கு என் கண் கசிந்தது. "அண்ணா, நான் இங்க வந்து இன்னும் ஒரு காபிகூட வெளியில குடிக்கலண்ணா" என்றான். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துவைத்தாள்.

2020 ஊரடங்கில் இதே கிழக்கு லண்டனில், பகுதிநேர வேலை பறிபோன மாணவர்கள் இலவச உணவுப் பைக்காகத் தெருமுனை தாண்டி வரிசையில் நின்றார்கள். அந்தப் பைகளைக் கட்டியவர்கள் கோயில்காரர்கள், மசூதிக்காரர்கள், குருத்வாராக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். கட்டணத் தவணைக்கான நினைவூட்டல்கள் மட்டும் பெருமானிடமிருந்து தவறாமல் வந்தன. அன்னதானப் புண்ணியம் முழுவதையும் ஏழை எளியவர்களுக்கே விட்டுக்கொடுத்த தியாகம் அது.

அவர்தம் கண்ணோட்டமும் தாயினும் சாலச் சிறந்தது. பிள்ளை வகுப்புக்கு வந்தானா என்று அட்டை தேய்த்துப் பார்ப்பார். வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறானா என்று பார்ப்பார். நைஜீரியாவின் நாணயம் 2023இல் சரிந்து, சேர்த்துவைத்த காசெல்லாம் கரைந்து, தவணை தவறிய பிள்ளைகளை வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? கணினிக் கணக்கை மூடி, உள்துறைக்குத் தகவல் சொல்லி, நாட்டைவிட்டுப் போகும் நாள் வரை நினைவுபடுத்தி வைத்தது. கடன்பட்டவன் ஊர் திரும்ப வழிகாட்டுவதும் ஆதரவுதானே!

மனுநீதிச் சோழன் ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். நம் பெருமானின் நீதி அதனினும் பரந்தது. லண்டனின் இரண்டு ஆங்கிலத் தேர்வு மையங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதை 2014இல் பிபிசி படம்பிடித்துக் காட்டியதும், அந்தத் தேர்வை நடத்திய நிறுவனம் தன் 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளில் நூற்றுக்கு 97 சந்தேகத்துக்குரியவை என்று அறிவித்தது. ஒரு நாட்டில் தேர்வெழுதிய எல்லோருமே ஏறக்குறையக் கள்ளர்கள் என்னும் கணக்கை உள்துறை ஏன் எப்படி என்று கேட்டு அவமதிக்கவில்லை. கன்றுகளை மந்தையாகவே தேர்க்காலில் இட்டது. ஆயிரக்கணக்கானோர் விசா இழந்தார்கள். தடுப்புக் காவலில் கிடந்தவர்கள் உண்டு. பல ஆண்டு வழக்காடி, இளமை போய், மேல்முறையீட்டில் வென்றவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. பொறுமையைக் கற்பிக்க வேறு பாடத்திட்டம் வேண்டுமா?

படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் வாசலை 2012இல் அடைத்தார்கள், 2021இல் இரண்டு ஆண்டுக்குத் திறந்தார்கள், 2027 தொடங்கியதும் ஒன்றரை ஆண்டாகச் சுருக்கப்போகிறார்கள். இரண்டு ஆண்டு என்று சொல்லித்தான் ஏஜெண்டு திண்டிவனத்தில் பத்திரத்தை வைக்கச் சொன்னான். 2024 முதல் ஆராய்ச்சி அல்லாத முதுகலைக்கு வருகிறவர் மனைவி, பிள்ளைகளை அழைத்து வரவும் முடியாது. பிரிவின் அருமையை நம்மவர் மறந்துவிடலாகாது என்றே பாலைத் திணையை உயிர்ப்பித்திருக்கிறார் பெருமான்.

எங்கள் வீட்டுப் பிள்ளை தேறினான். பட்டமளிப்பு அங்கிக்கு வாடகை கட்டினான். பெற்றோர் வருவதென்றால் இரண்டு விசா, இரண்டு விமான டிக்கெட்; ஆகவே நானும் என் மனைவியும் போய் உட்கார்ந்தோம். மேடையில் அவன் பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசித்தார்கள். ஊரில் அவன் அப்பா கைபேசியில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரே கறுப்பு அங்கியில் நடந்ததால் மகன் வந்துபோனதே அவருக்குத் தெரியவில்லை. இரவு அழைத்து, "கூப்ட்டாங்களாப்பா, உன்ன?" என்று கேட்டார்.

போன மாதம் அவன் பெயருக்கு எங்கள் முகவரியில் ஒரு கடிதம் வந்தது. அவன் ஊருக்குப் போய் ஏழு மாதமாகிறது. கடன் இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது. தொலைபேசியில் என்னையே பிரித்துப் படிக்கச் சொன்னான். உறைக்குள் அதே வழவழப்பான தாள், அதே புல்தரை, சிரிக்கிற பிள்ளைகள். முன்னாள் மாணவர் என்ற முறையில் அவன் மாதந்தோறும் ஒரு சிறு தொகை நன்கொடை தந்து, அடுத்து வரும் பிள்ளைகளுக்கு ஆதரவளிக்க வேண்டுமாம். கீழே கையெழுத்துப் போட ஒரு கோடும், வங்கிக் கணக்கு எண் எழுத எட்டுக் கட்டங்களும் இருந்தன.