வரப்பு போடத் தெரியாத மேதைகள்

1880 வாக்கில் தங்கம் தோண்ட எங்கள் நீலகிரிப் பந்தலூருக்கு வந்த துரைமார் முதலில் செய்தது எல்லை போட்டதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து அரசாங்கம் வரவழைத்த பிரஃப் ஸ்மித், நம் பாறைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயில் எச்சில் ஊறும்படி ஓர் அறிக்கை எழுதினார். மலையைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு கம்பெனி என்று லண்டனில் பங்கு விற்றார்கள். ஊருக்கு ஓட்டல் வந்தது, சாராயக்கடை வந்தது, குதிரைப் பந்தயத் திடல்கூட வந்தது. தங்கம்தான் வரவில்லை. ஒரு டன் பாறையை இடித்தால் சில கிராம் தேறும். தலைமுறை தலைமுறையாக மண் அலசிய பணியர்களையும் குறும்பர்களையும் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார்கள். ஆனால் சும்மா சொல்கிறவன் நிபுணன் ஆவானா? சில வருஷத்தில் கம்பெனிகள் மூட்டை கட்டின.

நூறு வருஷம் கழித்து இதே கூத்து மின்னணுவியலில் தலைகீழாக அரங்கேறியது. இந்த முறை சரக்கு இருந்தது, எல்லை போடத்தான் ஆளில்லை.

சரக்கு கிடைத்ததே ஒரு கோளாறில். 1967-ல் டோக்கியோவில் வேதியியலாளர் ஷிரகாவா வேலை பார்த்த ஆய்வகத்தில் யாரோ வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகக் கொட்டிவிட, கறுப்புப் பொடிக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் பிளாஸ்டிக் ஏடு படிந்தது. 1977-ல் ஹீகர், மெக்டையார்மிட் இருவரோடு சேர்ந்து அதில் அயோடினை ஏற்ற, பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாய்ந்தது. 2000-ல் மூவருக்கும் நோபல்.

உடனே சதுர மீட்டர் கணக்கில் கனவு. இப்படிப்பட்ட கரிமப் பொருளை மையாக்கிப் பேப்பர் அச்சடிப்பதுபோல் அடித்தால் போதும், சுவரெல்லாம் திரை! மெல்லிய ஏடாக அதைப் பரப்புவது சுலபம்தான். ஆனால் திரையை இயக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு ஏற்ப ஏட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்காவிட்டால் பக்கத்து டிரான்சிஸ்டரின் மின்னோட்டம் இந்தப் பக்கம் கசியும். சிலிக்கானில் செய்வதுபோல் ஒளிவினைப் பூச்சு பூசி அரிக்கலாம் என்று போனால், பூச்சின் கரைப்பான் அடியிலிருக்கும் ஏட்டையும் சேர்த்துக் கரைத்து வைக்கும். பேன் பார்க்கச் சொன்னால் மொட்டை அடித்துவிடும் ரகம்.

மின்முனைகளையாவது பிரித்து வைக்க, 2000-ல் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹாஸ் குழு எந்த விவசாயியும் சொல்லக்கூடிய யோசனையைக் கண்டுபிடித்தது: முதலில் வரப்பு. கண்ணாடியில் தண்ணீர் ஒட்டாத பாலிஇமைடு கோடு ஒன்றைப் போட்டு, அதன் இருபுறமும் இன்க்ஜெட்டால் கடத்தி மையைச் சொட்டினார்கள். சொட்டு வரப்பைத் தாண்டவில்லை. இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே 5 மைக்ரோமீட்டர் இடைவெளி. அதன்மேல் அரைக்கடத்தி ஏடு. இதற்குச் *சயன்ஸ்* இதழில் கட்டுரை.

அந்தக் கேம்பிரிட்ஜ் கூட்டத்திலிருந்து கிளம்பியதுதான் பிளாஸ்டிக் லாஜிக். டிரெஸ்டனில் தொழிற்சாலை கட்டி, 2010 ஜனவரியில் 'க்யூ' என்ற மின்படிப்பானை 649 டாலருக்கு அறிவித்தது. அதே மாதம் ஐபேடை 499 டாலருக்கு நீட்டினார் ஸ்டீவ் ஜாப்ஸ். ஆகஸ்டில் க்யூ கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. லண்டன் பங்குதாரர்களின் ஆவிகள் எங்கள் ஊர்ச் சுரங்கங்களில் கைகொட்டிச் சிரித்திருக்கும்.

வரப்பு விஷயத்தில் எங்களுக்கும் பெருமை கிடையாது. எங்கள் பகுதி நிலங்களுக்கான கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது 1969-ல். இன்றைக்கும் டீக்கடையில் குத்தகை நிலம் பற்றிய அதன் 'செக்‌ஷன் 17' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த பஸ் வரும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.