பாதி ஆள்

நேற்று ராத்திரி மேட்ச்சில் ஓர் இத்தாலியப் பையன், மீசை இன்னும் முழுசாக அரும்பவில்லை, எதிராளியின் காலிலிருந்து பந்தை அழகாகக் கொத்திக்கொண்டு போனான். ஒரே ஒரு தடவைதான். உடனே கமென்ட்ரிக்காரர் "அடுத்த மால்தினி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் அதே பையனின் இரண்டு காலுக்கும் நடுவே பந்து புகுந்து கோல் விழுந்தது. கமென்ட்ரிக்காரர் கப்சிப். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பட்டாபிஷேகம் விடியும்வரை ஓயவில்லை.

மிலானின் பெரிய டிஃபெண்டர், அசல் மால்தினிக்கே இப்படி யாரும் கிரீடம் வைக்கவில்லை ஐயா. 1985 ஜனவரியில் உதினேசே அணிக்கு எதிராக, 16 வயதில், மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அப்பா சேசரே 1963-ல் மிலானுக்காக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கேப்டன். பையன் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஓடினான், அவ்வளவுதான்.

  இன்னொரு இத்தாலிய டிஃபெண்டர் கியெல்லினியையும் பார்த்துவிடலாம்.

1984-ல் பிசாவில் பிறந்தவர், ஆட்டம் கற்றது லிவோர்னோவில். பிசாக்காரனும் லிவோர்னோக்காரனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். பையனுக்கு 18 வயதுகூட ஆகாத 2002-ல், ரோமா அணி அவரில் பாதியை வாங்கியது. ஆமாம், பாதிதான். பூர்வீக வீட்டில் சித்தப்பாவுக்குப் பாதி பாத்தியதை என்பதுபோல, அந்தக் காலத்து இத்தாலியில் ஓர் ஆட்டக்காரனை இரண்டு கிளப்புகள் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளலாம். ரோமாவுக்குப் பாதி, லிவோர்னோவுக்குப் பாதி, ஆடுவது லிவோர்னோவில்.

எந்தப் பாதி? இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. அவர் இடதுகால்காரர். இடது பக்கத்தை ரோமா வாங்கியிருந்தால், லிவோர்னோவிடம் எஞ்சியது நிற்பதற்கு மட்டும் உதவும் கால். குறுக்கே வெட்டியிருந்தால் தலை ஒரு கிளப்புக்கு, கால் இன்னொன்றுக்கு. அப்படியானால் கார்னரில் தலையால் முட்டிப் போட்ட கோல் யார் கணக்கு? சிவப்பு அட்டை காட்டினால் எந்தப் பாதி வெளியே போக வேண்டும்? முடி வெட்டிக்கொள்ள இரண்டு கிளப் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கினாரா? பின்னாளில் எத்தனையோ முறை மூக்கை உடைத்துக்கொண்டார். நல்லவேளை, அதற்குள் முழு ஆளாகியிருந்தார். இல்லாவிட்டால் மூக்கின் நட்டநடுவில் எல்லைத் தகராறு வந்திருக்கும்.

விலை படியாவிட்டால் அதற்கும் வழி இருந்தது. இரு கிளப்புகளும் ஒரு தொகையை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிரித்துப் பார்த்து, கூடுதலாக எழுதியவருக்கு முழு ஆள். அந்த ஆள் இதற்கிடையே எங்கேயோ கடற்கரையில் படுத்துக்கொண்டு, தான் யாருடையவன் என்று தெரியாமல் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

2004-ல் லிவோர்னோ பாதியை மீட்டது. உடனே முழுசாக யுவென்டஸுக்கு விற்றது. யுவென்டஸ் என்ன செய்தது? பாதியை ஃபிளாரன்ஸ் நகரத்து ஃபியோரென்டினாவுக்குத் தள்ளிவிட்டது! யுவென்டஸ் என்ற பெயரைக் கேட்டாலே ஃபிளாரன்ஸ்காரர்களுக்கு ரத்தம் கொதிக்கும். அந்த ஊரில், பாதி உடம்பு எதிரியின் சொத்தாக, ஒரு சீசன் ஆடினார். அந்த அணி கடைசி நாளில்தான் கீழ் டிவிஷனுக்கு விழாமல் தப்பியது. 2005-ல்தான் யுவென்டஸ் மறுபாதியையும் வாங்கியது. பிற்பாடு அவர் டூரினில் வணிகம் படித்துப் பட்டம் வாங்கியதில் எனக்கு வியப்பே இல்லை. யுவென்டஸில் அவர் பக்கத்தில் ஆடிய பொனுச்சியும் ஒரு காலத்தில் பாதி ஜெனோவா, பாதி பாரி. 2014-ல்தான் இந்த முறைக்கு முடிவு கட்டினார்கள்.

எந்த கமென்ட்ரிக்காரராவது இந்தக் கதையைச் சொல்கிறாரா? "அடுத்த கியெல்லினி" என்று கத்தத் தெரிகிறது. எத்தனை சதவீதம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

இப்படிக் கிரீடம் வைக்கப்பட்ட இன்னொரு டிஃபெண்டர் ருகானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-15 சீசனில் எம்போலிக்காக 38 ஆட்டங்களிலும் ஆடினார். ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கவில்லை. இத்தாலிய டிஃபெண்டர் மஞ்சள் அட்டை வாங்கவில்லை என்றால் முதலில் ரெஃபரியின் கண்ணைத்தான் சோதிக்க வேண்டும். பழைய இத்தாலிய டிஃபெண்டர் நெஸ்தாவின் பெயரைச் சொல்லி "அடுத்த நெஸ்தா" என்றார்கள். பந்தை உதைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் நானும் சோபாவில் சாய்ந்தபடி வழிமொழிந்தேன். 20 வயதுப் பையனை 2015-ல் யுவென்டஸ் தன் அணிக்குக் கூட்டி வந்தது. பிறகு வருஷக்கணக்காக பெஞ்சில்தான் அதிகம் உட்கார்ந்தான். அவன் நிற்கவேண்டிய இடத்தில் கியெல்லினி நின்றுகொண்டிருந்தார். நூறு சதவீதம்.